மஞ்சள் கூப்பன்

மன நிம்மதியின் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. முன்கூட்டியே பதிவு செய்தால் ஐந்நூறு தள்ளுபடி. மாணவர்களுக்குப் பாதி விலை. ஐந்து பேராகச் சேர்ந்து வந்தால் ஆறாவது ஆள் இலவசம். சணல் பை, பேனா, மதிய உணவு, சான்றிதழ் எல்லாம் இதில் அடக்கம்.

அழைப்பிதழில் இப்படியே போட்டிருந்தது என்று சொல்ல முடியாது. ‘அனைவரையும் உள்ளடக்கிய மனநலம்: தேசியக் கருத்தரங்கு, மாமல்லபுரம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் பொடி எழுத்தில் கட்டண விவரம் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தை முதலில் படிக்கிறவன் எந்தச் சந்தையிலும் ஏமாறுவதில்லை.

ரூத்துக்குக் கட்டணம் கிடையாது. கருத்தரங்கை நடத்துகிற செங்கல்பட்டு ‘நிழற்கூடம்’ அறக்கட்டளையில் அவள் ஒருங்கிணைப்பாளர். மாதம் இருபத்திரண்டாயிரம். ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்த பதினொரு மாத ஒப்பந்தம், வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் இயக்குநர் வெங்கடராகவனின் பேனாவில் இருக்கிறது.

போன மாதம் ரூத் ஒரு காரியம் செய்தாள். ‘நோயோடு வாழ்பவர் பேசுகிறார்’ என்ற நிகழ்ச்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வெங்கடராகவன் தலையைச் சொறிந்தபோது, சாம் என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள். நிழற்கூடத்தின் பகல்நேர மையத்துக்கு ஒரு வருடமாக வந்துபோகிற சாம். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சாம். முன்னதை எழுதினாள், பின்னதை எழுதவில்லை.

ஊழியரின் உறவினர் மையத்தில் சேர்ந்தால் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒப்பந்தத்தில் ஒன்பதாவது விதி. சேர்த்தபோதே தெரிவித்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். பொய்க்கும் வட்டி உண்டு. இப்போது சொன்னால் ‘ஒரு வருடமாக ஏன் சொல்லவில்லை’ என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

“அண்ணா, மேடையில என் பேர மட்டும் சொல்லிடாத” என்று கேட்டுக்கொண்டாள்.

“சரி” என்றான் சாம். ஏழு வருடமாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்லிவருகிற அதே சரி.

கருத்தரங்கு நாள் வந்துவிட்டது.

காலை ஐந்தே முக்காலுக்கு அம்மா சாராள் சாமின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடிப்புக் கலையாத சட்டை. முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

“நீ வரலன்னா அண்ணன் கூட யாரும்மா போறது? பேசறவங்களோட வீட்டு ஆளு ஒருத்தர் வேன்ல வரணும்.”

“எனக்கு வேல கீது.”

“இன்னா வேல?”

“சபையில உபவாசக் கூட்டம். அது வேல இல்லியா?” சாராள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அங்க நாலு பேரு போட்டோ புடிப்பான். எவனாச்சும் வாட்ஸப்புல போடுவான். நாளைக்குப் பாஸ்டரம்மா கேட்டா இன்னான்னு சொல்றது? தைராய்டுக்கு மேடை போட்டாங்கன்னு சொல்றதா?”

சபையில் சாமுக்குத் தைராய்டு. மாத்திரையால் அவன் உடம்பு போட்டதும், கேட்டவர்களுக்குச் சொல்ல அவளுக்கு அது தோதாக இருந்தது. ஏழு வருடமாக ஞாயிறுதோறும் ஜெப விண்ணப்பச் சீட்டில் அதைத்தான் எழுதிப் போடுகிறாள். ஒரு சபையே அவனுடைய தைராய்டுக்காக முழங்கால் போட்டது. அந்தத் தைராய்டும் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் கெடவில்லை.

“தைராய்டுக்கு மேடை” என்று சாம் தனக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்தான். பத்து நாளில் முதல் சிரிப்பு.

“சிரி. மாத்திர போட்டியா?”

“போட்டேன்.”

“சாப்ட்டியா?”

“மணி ஆறு கூட ஆவலம்மா.”

அப்பா முத்துசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் ஹெல்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறுகிறவனுக்குப் பேச்சுக் குறைவு. டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ரூத் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு ஏழு மணிக்கு விடுதியில் இருந்தாக வேண்டும். மையத்து ஆட்களின் வேன் எட்டு மணிக்கு.

விடுதி கடலைப் பார்த்துக் கட்டியது. வாசலில் கல் யானை, உள்ளே கல் நந்தி, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் தாமோதரன். விருந்துப் பிரிவுக்கு மேற்பார்வை. மூன்று வாரம் முன்பு ரூத் அவரோடுதான் தட்டுக் கணக்குப் பேசினாள். தொள்ளாயிரத்து ஐம்பதில் ஆரம்பித்தார். எண்ணூற்று ஐம்பதில் வந்து நின்றார். குறைந்தது இருநூற்று நாற்பது தட்டுக்குப் பணம் கட்டிவிட வேண்டும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு தட்டுக்கும் தனி. கடைசியில் எச்சில் தட்டை எண்ணித்தான் பில்.

பதிவு செய்தவர்களே இருநூற்று நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். அதற்கு மேல் மையத்திலிருந்து வருகிறவர்கள் பதினான்கு பேர், துணைக்கு நான்கு பேர். பதினெட்டு. எண்ணூற்று ஐம்பதால் பெருக்கி, “பதினஞ்சாயிரத்து முந்நூறாம்மா?” என்று வெங்கடராகவன் மின்விசிறியைப் பார்த்தார். வழி சொன்னவள் ரூத். செங்கல்பட்டு மெஸ்ஸில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிவிடலாம், பொட்டலம் எழுபது ரூபாய். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்றார் தாமோதரன். பின்பக்கம் ஜெனரேட்டர் ஷெட் அருகே வைத்துக்கொள்ளச் சொன்னார். குழப்பம் வராமலிருக்க உள்ளே சாப்பிடுகிறவர்களுக்கு நீலக் கூப்பன், பொட்டலத்துக்கு மஞ்சள் கூப்பன். பதினாலாயிரத்து நாற்பது ரூபாய் மிச்சம்.

“பிரமாதம் ரூத்” என்றார் வெங்கடராகவன். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் அந்தப் பிரமாதம் அவள் காதில் தேனாக விழுந்தது. சாம் பேச்சாளர், அவனுக்கு நீலம் என்று கணக்கிட்டு நிம்மதியானாள். மற்றவர்களைப் பற்றி அவள் மனது அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு வேன் வந்தது. முதலில் பார்வதம் இறங்கினாள். மையத்தில் பதினோரு வருடமாக இருப்பவள். அறங்காவலர்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. பின்னால் சாம். அவனுக்குப் பின்னால், ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் முத்துசாமி.

பதிவு மேசையில் ரூத்தின் கை அப்படியே நின்றது. பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேட்ஜ் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

முத்துசாமி வரிசையில் நின்று முறைப்படி வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு விநாடிதான்.

“வணக்கம் மேடம்” என்றார். “இந்தப் புள்ளைக்குத் துணையா வந்துக்கீறேன்.”

துணைக்கு வந்தவர்களுக்குப் பை கிடையாது. மஞ்சள் கூப்பன் மட்டும். ரூத் ஒன்றைக் கிழித்து அப்பாவின் கையில் வைத்தாள்.

“தேங்க்ஸ் மேடம்.”

சாமுக்கு இரண்டு கூப்பன் வந்தது. மையத்துப் பட்டியலில் பெயர் இருந்ததால் மஞ்சள் ஒன்று. பேச்சாளர் பைக்குள் நீலம் ஒன்று. அவன் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பத்து மணிக்குத் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வரவேண்டும். பத்தேகாலுக்கு “நெம்மேலி தாண்டிட்டாராம்” என்றார் வெங்கடராகவன். பத்தரைக்கு மறுபடி நெம்மேலி தாண்டினார். பதினொன்றுக்கு இன்னொரு முறை. அந்த ஊர்ச் சுத்திகரிப்பு ஆலையில் கடல்தண்ணீரே நல்ல தண்ணீராகிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், விருந்தினர் வந்து சேரவில்லை.

வந்தபிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. மேடையோரப் பலகையில் வரவிருக்கும் நிகழ்வுகளின் பட்டியல் இருந்தது. அடுத்த மாதம் நாவலூரில் பணிச்சூழலும் மனநலமும். அதற்கடுத்து புதுச்சேரி. மார்கழியில் கோயம்புத்தூர், இரண்டு நாள், தங்கும் வசதியுடன். ஒரு பேச்சாளர் எல்லாவற்றிலும் இருந்தார். விலக்கி வைத்தல் தவறு என்பதை அவர் நாற்பது படங்களோடு விளக்கினார். கூட்டம் தொலைபேசியில் வேறு படங்களைப் பார்த்தது.

சாமுக்கு ஒதுக்கிய பன்னிரண்டு நிமிடம் நான்காகச் சுருங்கியது. நேர அட்டை காட்டுகிற வேலை ரூத்துக்கு. மேடைக்கு எதிரே, யூடியூப் நேரலைக்காக நிறுத்திய கேமராவுக்கு அருகில் நின்றாள். 

சாம் ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்தான்.

“வணக்கம். எம் பேரு சாம். நாவலூர்ல ஒரு கம்பெனியில மூணு வருஷம் வேல பாத்தேன். அப்புறம் பாக்கல.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் யாரோ இருமினார்கள்.

“ஏழு வருஷமா என்கிட்ட எல்லாரும் ரெண்டே கேள்விதான் கேக்கறாங்க. சாப்ட்டியா, மாத்திர போட்டியா. டாக்டரு கேப்பாரு. சென்டர்ல கேப்பாங்க. வூட்ல கேப்பாங்க. நல்ல கேள்விதான், கொற சொல்லல. ஆனா மூணாவதா ஒண்ணு யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்துகினு கீறேன். எதுன்னாலும் பரவால்ல. நேத்து மேட்ச் பாத்தியான்னு கேக்கலாம்.”

இப்போது நிஜமாகவே சிரித்தார்கள். தொலைபேசிகள் கீழே இறங்கின.

“எங்க சபையில எனக்குத் தைராய்டுன்னு ஜெபிக்கறாங்க. எனக்குத் தைராய்டு கெடையாது. டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. எனக்கு இன்னான்னு எங்கம்மாவுக்குத் தெரியும். சொன்னா எங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்கன்னு அவங்களுக்குப் பயம். அவங்க பொய் சொல்றவங்க இல்ல. அதனால அந்த வார்த்தை வரும்போது மட்டும் அவங்க குரலு கம்மிப் போவும்.”

ரூத் ‘ஒரு நிமிடம்’ அட்டையைத் தூக்கினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாம் அட்டையைப் பார்த்தான். “எனக்கு ஒரு தங்கச்சி கீது. பேரு சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கீது. சொல்ல மாட்டேன். டைம் ஆயிடுச்சுன்னு அட்டை காட்றாங்க. நன்றி.”

கைதட்டல் நீண்டது. நெம்மேலியை மூன்று முறை தாண்டிய விருந்தினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெங்கடராகவன் மணியைப் பார்த்து ரூத்துக்குச் சைகை காட்டினார்: சாப்பாடு, சீக்கிரம்.

ரூத் ஒலிபெருக்கியை வாங்கினாள். மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்த அறிவிப்பு. தொண்டை தானாகவே அதைச் சொன்னது.

“மதிய உணவு இடைவேளை. நீலக் கூப்பன் உள்ளவர்கள் வலதுபுற உணவுக் கூடத்துக்கு வரவும். மஞ்சள் கூப்பன் உள்ளவர்கள் தயவுசெய்து பின்பக்கமாக வரவும்.”

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், கடைசி வரிசையில் முத்துசாமி எழுந்துவிட்டார்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முத்துசாமி முதல் பந்தியில், முதல் இலையில் உட்காருவார். குடும்பத்தையும் இழுத்து உட்காரவைப்பார். தாலி கட்டி முடிக்கட்டும் என்று சாராள் முழங்கையால் இடித்தாலும் கேட்க மாட்டார். ‘பந்திக்கு முந்து’ என்று சாமும் ரூத்தும் சின்ன வயதில் அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். பத்தாவது படிக்கும்போது ரூத்துக்குக் காரணம் தெரிந்தது, அதுவும் பெரியப்பா சொல்லித்தான். கடப்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற காலத்தில், அந்த வீட்டுக் கல்யாணங்களில் அவர்களுக்குப் பந்தியே கிடையாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு ஒரு குரல் வரும். பின்பக்கமா வா. மாட்டுக்கொட்டகை ஓரம், விரித்த துண்டில் சோறு.

அந்தக் குரல் கேட்டால் எழுந்திருக்க அவர் காலுக்கு இன்னும் பழக்கம் விட்டுப்போகவில்லை. இன்று அது மகளின் குரலில், நல்ல தமிழில், தயவுசெய்து என்ற மரியாதையோடு வந்தது.

ரூத் ஒலிபெருக்கியை யாரிடமோ கொடுத்தாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியாது.

பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கவிழ்த்த பால் கூடைகளின் மேல் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முத்துசாமி பொட்டலத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்.

“நைனா” என்றாள் ரூத்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெல்ல. யாராச்சும் கேட்டுடப் போறாங்க.”

“உள்ள வா நைனா.”

“வாணாம்மா. உன் வேல கெடும். இதுவே நல்லாத்தான் கீது. ஊறுகா கூட வெச்சிக்கீறான் பாரு.” அவர் நிஜமாகவே அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாம் பையிலிருந்து நீலக் கூப்பனை எடுத்தான். “நைனாவுக்கு இத்த குடுத்தேன். வாங்க மாட்டேங்குது. ஒரு நீலத்த வெச்சிகினு ஒருத்தரு உள்ள போனா, மத்த பதினேழு பேரும் அவரு முதுகத்தான் பாத்துகினு சாப்புடணும்.”

“இந்தக் கூப்பன் ஐடியா யாருதும்மா?” என்றாள் பார்வதம், சோற்றைப் பிசையாமல்.

ரூத் சாமின் கையிலிருந்த நீலக் கூப்பனைப் பார்த்தாள். “என்னுதுதான்.”

“தோ பார்றா. நான் டைரக்டருதுன்னு நெனச்சி அவர இல்ல திட்டிகினு இருந்தேன்.”

“எல்லாரும் எழுந்திருங்க” என்றாள் ரூத். “உள்ள போலாம்.”

“எங்கள உள்ள வுட்டுட்டு உன்ன வெளிய தள்ளப் போறாங்க” என்றாள் பார்வதம், எழுந்துகொண்டே. “உங்கண்ணன் தான இவன்? முழிக்காத. வந்த மொத நாளே தெரியும். ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே அச்சு.”

உணவுக் கூடத்து வாசலில் தாமோதரன் கையை நீட்டி மறித்தார்.

“மேடம், இன்னா இது? மஞ்சளுக்கு உள்ள எண்ட்ரி கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“இப்ப மாத்திச் சொல்றேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். சோறு நெறைய கீது. ஆனா தட்டு எண்ணும்போது எக்ஸ்ட்ரா வந்தா என் கழுத்துக்கு வரும். யாருனா பொறுப்பா கையெழுத்துப் போடணும்.” சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பெயர், எத்தனை பேர், யாருடைய விருந்தினர் என்று மூன்று கட்டம்.

ரூத் நின்றபடியே எழுதினாள். எம். ரூத். பதினெட்டு. மூன்றாவது கட்டம் சின்னது. எழுத்தைச் சுருக்க வேண்டியிருந்தது. ‘என் அண்ணன் சாம், என் அப்பா முத்துசாமி, மையத்தைச் சேர்ந்த பதினாறு பேர்.’

உள்ளே யாரும் எழுந்து கைதட்டவில்லை. ஒரு மேசையிலிருந்து இரண்டு பேர் தட்டோடு எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். இன்னொரு பெண்மணி, தயிர் வடை எங்கே இருக்கிறது என்று பார்வதத்திடம் கேட்டார். பார்வதம் கூட்டிப்போய்க் காட்டி, தனக்கும் மூன்று போட்டுக்கொண்டாள்.

முத்துசாமி தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். “மொதப் பந்தி முடிஞ்சிடுச்சா?”

“இங்க பந்தியே கெடையாது நைனா. பாதிப் பேரு நின்னுகினேதான் சாப்பிடணும்.”

“உக்கார எலை இல்லாத சாப்பாட்டுக்கு எம்மாம் வாங்கறான்?”

“எண்ணூத்தம்பது.”

“எங்கள மாட்டுக்கொட்டாயில கூட உக்காரவெச்சிதான் போட்டாங்க” என்றார் முத்துசாமி. சொன்னபிறகுதான், மகளிடம் அதை முதல்முறையாகச் சொல்லியிருப்பது அவருக்கே உறைத்தது. குனிந்து புலாவில் முந்திரியைத் தேடினார்.

வெங்கடராகவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கும் மனிதர். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“என்ன ரூத் இது? ஃபண்டிங் ஆட்கள் அந்த டேபிள்ல உக்காந்திருக்கா. எக்ஸ்ட்ரா பில்லுக்கு யார்கிட்டப் போய் நிப்பேன்?”

“என் சம்பளத்துல புடிச்சுக்கங்க சார்.”

“அது இல்லம்மா…”

“சார், இவரு எங்கப்பா. சாம் என்னோட அண்ணன். ஒரு வருஷமா உங்ககிட்ட சொல்லல.”

வெங்கடராகவன் முத்துசாமியைப் பார்த்தார். முத்துசாமி தட்டை இடது கைக்கு மாற்றி வணக்கம் வைத்தார். வெங்கடராகவனும் வைத்தார். கோபப்படுவதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

“சேர்த்த அன்னிக்கே ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாமேம்மா” என்றார்.

பிறகு சாம் பக்கம் திரும்பினார். குரல் மேடைக் குரலாயிற்று. “சாம், பிரமாதமான பேச்சு. அடுத்த மாசம் இருபத்திரண்டு, நாவலூர்ல செமினார். வந்து பேசறீங்களா?”

சாம் யோசித்தான். ஏழு வருடம் கழித்து வந்த மூன்றாவது கேள்வி. அதுவும் நாவலூருக்கு.

“சாப்பாடு எந்தக் கலரு சார்?”

வெங்கடராகவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஃபண்டிங் ஆட்களின் மேசைப் பக்கம் நகர்ந்தார்.

மாலை நான்கரைக்குத் தாமோதரன் எச்சில் தட்டுகளை எண்ணி முடித்துத் தாளோடு வந்தார். வெங்கடராகவன் எதற்கும் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரூத் அருகில் நின்றாள்.

“நீலத்துல சாப்ட்டது இருநூத்திப் பத்தொம்போதுதான் சார். காலையிலயே சர்டிபிகேட்ட கையில குடுத்துட்டீங்க. மத்தவங்க கோயிலு பாக்கப் போய்ட்டாங்க. அதோட மேடம் இட்டாந்த பதினெட்டு. எக்ஸ்ட்ரா ஒண்ணும் இல்ல, மேல மூணு மிச்சம்.”

மூன்று பேரும் அந்தத் தாளைப் பார்த்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேர் சாப்பிட ஆகிற பணம் மூன்று வாரம் முன்பே கட்டியாகிவிட்டது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பதினாலாயிரத்துக்குக் கைமேல் கண்ட பலன், மெஸ்ஸுக்குக் கொடுத்த ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் தண்டம்.

“அப்ப மேடம் எழுதின சீட்டு வேணாம். கிழிச்சிடட்டுமா?” என்றார் தாமோதரன்.

“இங்க குடுங்க” என்று கையை நீட்டினார் வெங்கடராகவன். மூன்றாவது கட்டத்தை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். ஒன்பதாவது விதி கேட்கிற எழுத்துமூலம் அதுதான்; ஒரு வருடம் தாமதமாக, விருந்துச் சீட்டில். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமை பேசலாம்மா” என்றார். குரலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

திரும்பும்போது ரூத் அறக்கட்டளைக் காரில் ஏறவில்லை. வேனில், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சாப்பிடாத பொட்டலங்கள் மடியில் இருந்தன. விடுதிக் காவலாளிகள் மூன்றும், வேன் ஓட்டுநர் இரண்டும் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம். பார்வதம் முன் இருக்கையில் வாயைத் திறந்து தூங்கினாள்.

அப்போதுதான் தொலைபேசியைப் பார்த்தாள். அம்மா. முதல் அழைப்பு பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. சாம் மேடையில் தைராய்டு இல்லை என்று சொன்ன நேரம்; அம்மாவும் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கடுத்த நிமிடம், சபை வாட்ஸப் குழுவில் பாஸ்டரம்மா நேரலை இணைப்பைப் பகிர்ந்திருந்தார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நாற்பத்தாறு பேர் பார்த்திருந்தார்கள்.

“உங்கம்மாதான?” என்றார் முத்துசாமி. “போடு.”

“இன்னான்னு பேசறது நைனா?”

“சாப்ட்டியான்னு கேளு.”

“மாத்திர போட்டியான்னு கேளு” என்றான் சாம், ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

ரூத்துக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டுக்குமே தெம்பு வேண்டும். தொலைபேசியைப் பொட்டலங்களின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

தட்டு: பணம் கட்டியது இருநூற்று நாற்பது, சாப்பிட்டது இருநூற்று முப்பத்தேழு, மிச்சம் மூன்று. பொட்டலம்: வந்தது பதினெட்டு, போனது ஐந்து, மடியில் பதின்மூன்று. அம்மா: அழைத்தது பதினொன்று, எடுத்தது ஒன்றுமில்லை, பாக்கி பதினொன்று.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பாக்கி பன்னிரண்டாயிற்று.